பத்து ப்ளை டயர்ல பத்து ப்ளை எங்கே?

"டென் ப்ளை டயர் சார், மலை மேலயே ஏத்தலாம், ஒண்ணும் ஆகாது." ஜீப்புக்கோ, அந்த மாதிரி உசரமான வண்டிக்கோ ஆல் டெரெய்ன் டயர் வாங்கப் போனா, கடையில இந்த வசனம் கண்டிப்பா காதுல விழும். கேட்டதும் நமக்கு மனசுல என்ன ஓடும்? உள்ள பத்து அடுக்குத் துணியை ஒட்டி வெச்சிருக்காங்க போல, கத்தியால குத்தினாலும் இறங்காதுன்னு தோணும்.

இறங்கும். ஏன்னா உள்ள பத்து அடுக்கு கிடையாது. இன்னிக்கு விக்கிற "பத்து ப்ளை" ரேடியல் டயரோட பக்கவாட்டுல இருக்கறது பெரும்பாலும் ரெண்டு அடுக்கு பாலியஸ்டர். கொஞ்சம் நல்ல டயரா இருந்தா மூணு. அப்போ பத்துங்கிற எண் எங்கேர்ந்து வந்துச்சு, மிச்சம் ஏழு எங்க போச்சு? இதைத் தோண்டப் போய் நூத்தி எழுபது வருஷக் கதை கிடைச்சுது. பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குடா டயர் ஆராய்ச்சின்னு கேக்காதீங்க. அதுக்கும் நம்ம தொழிலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, வழியில சொல்றேன்.

முதல்ல சைடு வால்னா என்னன்னு ஒரு வரி. தரையைத் தொடற கட்டை கட்டையான பகுதி ட்ரெட். அங்கேர்ந்து ரிம் வரைக்கும் இறங்கற, கம்பெனி பேர் எழுதியிருக்கிற பக்கச்சுவர்தான் சைடு வால். ட்ரெட்ல ஆணி ஏறினா எந்த பஞ்சர் கடையிலயும் அடைச்சுக்கலாம். சைடு வால் கிழிஞ்சா டயர் அவ்வளவுதான். டயர் தொழில்ல ஒத்துக்கிட்ட விதிப்படி, கார் டயர்ல ட்ரெட் பகுதியில இருக்கிற ஆறு மில்லிமீட்டர் வரைக்குமான ஓட்டையைத்தான் அடைக்கலாம். சைடு வாலைத் தொடவே கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல, ஒரே ஒரு ஸ்டெப்னியோட போறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல வேண்டியதில்ல. ட்ரெட்டுக்குக் கீழ ஸ்டீல் பெல்ட் இருக்கு. பக்கவாட்டுல அது கிடையாது. ஆனா பாறை வர்றது பக்கவாட்டுலதான்.

சரி, கதைக்கு வருவோம்.

காத்தடைச்ச டயருக்கு முதல் காப்புரிமை வாங்கினவர் டன்லப் இல்ல. ராபர்ட் வில்லியம் தாம்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-ல். உள்ள ரப்பர் பூசின கித்தான் குழாய், வெளியில தோல் உறை. அதாவது உலகத்தோட முதல் சைடு வால் மாட்டுத்தோல்! 1847-ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்ல குதிரை வண்டியில மாட்டி ஓட்டியும் காட்டினார். யாரும் கண்டுக்கல. நாப்பது வருஷம் கழிச்சு, பெல்ஃபாஸ்ட்ல கால்நடை மருத்துவரா இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடிச்சு, 1888-ல் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு தாம்சனோட பழைய காப்புரிமை வெளிய வந்ததால டன்லப்போடது செல்லாமப் போனது தனிக் கதை.

சைக்கிளுக்கு அது போதும். காருக்கு வந்தப்பதான் பிரச்சினை. 1895-ல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்துல மிஷலின் சகோதரர்கள் காத்தடைச்ச டயர் மாட்டின கார் ஒண்ணை ஓட்டினாங்க. வழி நெடுக பஞ்சர். காரணம் ஆணி மட்டும் இல்ல. டயருக்குள்ள இருந்தது சாதாரண நெசவுத் துணி. நம்ம வேட்டி மாதிரியே பாவும் ஊடையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறங்கும். சக்கரம் ஒவ்வொரு சுத்து சுத்தும்போதும் பக்கச்சுவர் ஒரு தடவை மடங்கி நிமிரும். அப்போ பாவு நூலும் ஊடை நூலும் ஒண்ணை ஒண்ணு ரம்பம் மாதிரி அறுக்கும். வெளிய கல்லே படாட்டியும் டயர் தன்னைத்தானே உள்ளேர்ந்து தின்னுக்கிட்டு இருந்துச்சு.

இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் ஜான் பால்மர்னு ஒரு அமெரிக்கர், 1890-கள்ல. அவர் செஞ்சது ரொம்ப எளிமை: ஊடையைத் தூக்கிட்டார். நூல் எல்லாம் ஒரே திசையில படுத்திருக்கும். மேல ரப்பர் பூச்சு. அதுக்கு மேல இன்னொரு அடுக்கு, எதிர்ப்பக்கமா சாய்ஞ்சு. நடுவுல ரப்பர் இருக்கறதால நூலும் நூலும் நேரடியா உரசாது. இந்த ஒவ்வொரு அடுக்கும்தான் "ப்ளை". இப்படிக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கின டயர்தான் பயஸ் டயர், அல்லது கிராஸ் ப்ளை. நம்மூர் லாரிக்காரங்க பாஷையில "நைலான் டயர்". (ரேடியல்லயும் நைலான் இருக்கும். ஆனா கடையில நைலான்னா பயஸ், அவ்வளவுதான்!)

அந்தக் காலத்துல நூல்னா பருத்தி நூல் ஒண்ணுதான். எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய அதே பருத்தி. அதனால பலத்தைச் சொல்ல அடுக்கை எண்ணினாலே போதும். நாலு ப்ளை காருக்கு, ஆறு எட்டுன்னா கனமான வண்டிக்கு. இதுல இன்னொண்ணும் முக்கியம்: பயஸ் டயர்ல எல்லா அடுக்கும் ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரைக்கும் முழுசா ஓடும். ட்ரெட்டுக்குக் கீழ ஆறுன்னா பக்கச்சுவர்லயும் ஆறு. எண்ணும் நிஜம், அது இருக்கிற இடமும் நிஜம்.

இந்த எடத்துல பாக்னால்டைப் பத்திச் சொல்லாமப் போனா பாவம். ரால்ஃப் பாக்னால்ட், பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர். 1920-கள்ல கெய்ரோவுல வேலை. லீவு கெடைச்சா மத்தவங்க கிளப்புக்குப் போவாங்க, இவர் ஃபோர்டு காரை எடுத்துக்கிட்டு லிபியப் பாலைவனத்துக்குப் போவார். முதல்ல மாடல் டி, அப்புறம் மாடல் ஏ. மணல்ல புதையாம இருக்க அவர் கையாண்ட வழிகள்ல ஒண்ணு, டயர்ல காத்தைக் குறைக்கறது. 1923-ல் ஃபயர்ஸ்டோன் கொண்டு வந்த பலூன் டயர் அதுக்கு வசதியா அமைஞ்சுது. அகலம் அதிகம், காத்தழுத்தம் பழைய டயர்ல பாதி அளவுதான். 1940-ல் அதே ஆளை வெச்சுத்தான் பிரிட்டிஷ் ராணுவம் லாங் ரேஞ்ச் டெஸர்ட் குரூப்பை ஆரம்பிச்சுது. யாரும் போக முடியாதுன்னு நினைச்ச மணல் கடலைக் கடந்து எதிரியோட முதுகுப்பக்கம் போய் நின்னாங்க, ஷெவர்லே லாரியில.

காத்தைக் குறைச்சா என்ன ஆகுதுன்னு கொஞ்சம் நின்னு பார்க்கலாம். ஏன்னா சைடு வால் சண்டையோட மூலமே அதுதான். டயர் நூல்ல இருக்கிற இழுவிசை, காத்தழுத்தம் பெருக்கல் வளைவோட ஆரம். கொடிக்கயிறை விறைப்பா கட்டி அதுல கத்தியை வெச்சுப் பாருங்க, பட்டுனு அறுந்துடும். தொளதொளன்னு விட்டு வெச்சுப் பாருங்க, கத்தியோடயே நகர்ந்து போகும். டயர் நூலும் அப்படித்தான். காத்து குறைஞ்சா நூல் தளர்ந்து, ட்ரெட் கல்லை அப்படியே அணைச்சுக்கும், குத்து வாங்காது. ஆனா அதே நேரம் பக்கச்சுவர் வயிறு மாதிரி வெளிய பிதுங்கும். ட்ரெட்டுக்கு மறைவுல இருந்த சுவர், ட்ரெட்டைத் தாண்டி வெளிய நிக்கும். மணல்ல இதனால தொந்தரவு இல்ல. பாறையில அந்தப் பிதுங்கின இடம்தான் முதல்ல மாட்டும். இன்னும் மோசமா, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல சுவர் நசுங்கினா உள்ள நூல் ஒடியும். வெளிய ஒரு கீறல்கூடத் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு அந்த இடத்துல முட்டை மாதிரி வீங்கும். ஆக, ட்ரெட்டைக் காப்பாத்தறதே பக்கச்சுவரைக் காட்டிக் கொடுக்குது. இந்த முடிச்சை இன்னிக்கு வரைக்கும் யாரும் முழுசா அவிழ்க்கல.

1941-ல் அமெரிக்க ராணுவ ஜீப் வந்துச்சு. அதோட டயர் 6.00-16, ஆறு ப்ளை பயஸ். பார்க்க நம்மூர் பட்டன் டயருக்கு ஒண்ணு விட்ட அண்ணன் மாதிரி இருக்கும். அதுக்கு அடுத்த வருஷமே ஜப்பான் மலாயாவையும் சிங்கப்பூரையும் ஜாவாவையும் பிடிச்சுது. அமெரிக்காவுக்கு வந்துக்கிட்டிருந்த இயற்கை ரப்பர்ல பத்துக்கு ஒன்பது பங்கு நின்னு போச்சு. (அந்த மலாயாத் தோட்டங்கள்ல பால் வெட்டினவங்க பெரும்பாலும் நம்ம தமிழ்ச் சனங்க. அவங்கள்ல ஆயிரக்கணக்கானவங்களை சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனாங்க. நெறைய பேர் திரும்பவே இல்ல. டயர் வரலாறு எழுதற புத்தகங்கள்ல இவங்களுக்கு ஒரு வரி கிடைக்கறது அபூர்வம்.)

அமெரிக்கா அவசர அவசரமா செயற்கை ரப்பர் தயாரிச்சுது. அதுக்கு ஒரு கெட்ட குணம்: மடங்கி நிமிரும்போது இயற்கை ரப்பரைவிட அதிகமா சூடாகும். பல அடுக்குப் பருத்தியோட தடிச்ச சைடு வால், அதுல இந்த ரப்பர், மேல லாரி பாரம். டயர் உள்ளுக்குள்ளயே வெந்துடும். பருத்தியோ சூட்டுல பலம் இழக்கும். அதனால ரேயான் நூலுக்கு மாறினாங்க, போருக்கு அப்புறம் நைலான். ரெண்டுமே பருத்தியைவிட பலம், மெலிசு. முன்னாடி ஆறு அடுக்கு செஞ்ச வேலையை இப்போ நாலு அடுக்கு செய்யும்.

இங்கதான் அந்த எண் நிஜத்தை விட்டுப் பிரிஞ்சுது. நாலு அடுக்குதான்னு உள்ளதை உள்ளபடி எழுதினா, ஆறு ப்ளை கேட்டுப் பழகின வாடிக்கையாளர் வாங்க மாட்டார். அதனால "ப்ளை ரேட்டிங்"னு ஒரு வார்த்தை வந்துச்சு. இந்த டயர் எத்தனை பருத்தி அடுக்குக்குச் சமம்ங்கிற கணக்கு. நம்ம தொழில்ல இதுக்குப் பேர் பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டி: உள்ள மொத்தத்தையும் மாத்திட்டு, பழைய ஆளுங்க குழம்பக் கூடாதேன்னு வெளிய பழைய பேரையே வெச்சுக்கறது. அப்புறம் வந்தவன் எவனுக்கும் அந்தப் பேர் ஏன்னு தெரியாது. (சொன்னேன்ல, சம்பந்தம் இருக்குன்னு.) பின்னாடி இதையே எழுத்தா மாத்தி லோட் ரேஞ்ச்னு வெச்சாங்க. சி-ன்னா ஆறு, டி-ன்னா எட்டு, இ-ன்னா பத்து. அது சொல்றது ஒண்ணுதான்: இந்த டயர் எவ்வளவு காத்தழுத்தம் தாங்கி எவ்வளவு பாரம் சுமக்கும். கூர்மையான கல்லைப் பத்தி அது வாயே திறக்கல.

அடுத்த அடி இதைவிடப் பெருசு, அது பிரான்ஸ்லேர்ந்து வந்துச்சு. மிஷலின் கம்பெனியில மாரியுஸ் மின்யோல்னு ஒருத்தர், டயர்ல சூடு எங்கேர்ந்து வருதுன்னு தேடிக்கிட்டிருந்தார். அதுக்காக விசித்திரமான ஒரு சோதனை டயரைக் கட்டினார். பக்கச்சுவர்ல இருந்த துணி அடுக்கையெல்லாம் எடுத்துட்டு, ஆரக்கால் மாதிரி இடைவெளி விட்டு எஃகுக் கம்பிகளை மட்டும் நிறுத்தினார். பார்க்க வலைக்கூண்டு மாதிரி இருந்ததால அதுக்கு "ஈக்கூண்டு"ன்னு பட்டப்பேரே வெச்சாங்க. ஓட்டிப் பார்த்தா, டயர் சூடாகல. குறுக்கு அடுக்குகள் ஒண்ணை ஒண்ணு இழுக்கறதுதான் சூட்டுக்குக் காரணம்னு ஆச்சு. பக்கச்சுவருக்கு இத்தனை அடுக்கு தேவையே இல்ல!

1946-ல் காப்புரிமை, 1949-ல் மிஷலின் எக்ஸ் டயர். நூல்கள் ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரத்துக்கு நேரா, சாயாம ஓடும். ட்ரெட்டுக்குக் கீழ மட்டும் ஸ்டீல் பெல்ட். இதுதான் ரேடியல். கிரே, ஸ்லோப்பர்னு ரெண்டு இங்கிலாந்துக்காரங்க 1913-லயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தாங்க. ஆனா டயரா உருட்டிக் காட்டினது மிஷலின்தான். உழைப்பு அதிகம், பெட்ரோல் செலவு குறைவு, வளைவுல பிடிமானம் ஜோர். அமெரிக்காக்காரங்க ரொம்ப நாள் முறைச்சுக்கிட்டு நின்னு, 1970-கள்ல பெட்ரோல் விலை ஏறினப்புறம்தான் மாறினாங்க.

ரேடியலோட அத்தனை நல்ல குணத்துக்கும் காரணம், பக்கச்சுவரை ஒல்லியாக்கி சுதந்திரமா ஆட விட்டது. பாறையில போறவனுக்கு அதுவே எமன். ஆறு அடுக்கு இருந்த இடத்துல இப்போ ஒண்ணோ ரெண்டோ. அதுவும் நூல் எல்லாம் ஒரே திசையில. ரெண்டு நூலுக்கு நடுவுல கல்லோட முனை நுழைஞ்சா, தென்னங்கீத்தைக் கிழிக்கற மாதிரி நேரா மேல வரைக்கும் போகும். தடுக்கறதுக்குக் குறுக்கே எதுவும் இல்ல. பழைய ஜீப்காரங்க ரேடியலை நம்பாம ரொம்ப காலம் பயஸைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததை "பழசு"ன்னு கிண்டல் பண்றாங்க. என்னைக் கேட்டா அவங்க பயம் முழுக்க நியாயம்.

இந்தப் பயம் எங்க தீர்ந்துச்சுன்னா, மெக்சிகோவோட பாஹா பாலைவனத்துல. 1967-ல் அங்க முதல் பாஹா பந்தயம், வடக்கேர்ந்து லா பாஸ் வரைக்கும். மணல், கள்ளிச்செடி, உடைஞ்ச பாறை எல்லாம் ஒரே நாள்ல. டயர்க் கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல சோதனைச் சாலை கிடைக்காது. 1976-ல் பி.எஃப். குட்ரிச் தன்னோட ரேடியல் ஆல் டெரெய்ன் டி/ஏ டயரைக் கொண்டு வந்தது இந்தப் பந்தயச் சூழல்லதான். தார் ரோட்லயும் ஓடும், பாலைவனத்துலயும் கிழியாதுன்னு ஒரு ரேடியல். இன்னிக்கு நாம ஆல் டெரெய்ன்னு சொல்ற மொத்த ஜாதிக்கும் அது மூத்தது.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாமே, மின்யோல் எடுத்த சுவரைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கட்டற வேலைதான். ரெண்டு அடுக்கு மூணாச்சு. ட்ரெட்டோட கட்டைகளை வழிய விட்டு, சுவரோட மேல்பகுதிக்குக் கவசம் போட்டாங்க. 2014-ல் வந்த குட்ரிச் கேஓ2-வுல முந்தின கேஓ-வைவிட சைடு வால் 20 சதவீதம் உறுதின்னு கம்பெனியே விளம்பரம் பண்ணிச்சு. குட்இயர் தன்னோட ரேங்ளர் எம்டி/ஆர் டயரோட சைடு வால்ல கெவ்லரை வெச்சுது. இதுல ஒரு சுவாரசியம்: 1965-ல் டூபான்ட் கம்பெனியில ஸ்டெஃபனி க்வாலெக் கெவ்லரைக் கண்டுபிடிச்சதே, டயருக்கு லேசான பலமான நூல் தேடும்போதுதான். அது துப்பாக்கிக் குண்டு தாங்கற சட்டையா உலகம் பூரா புகழ் பெற்றது.

எனக்குப் பிடிச்சது கூப்பர் கம்பெனி செஞ்சது. ரெண்டு அடுக்கு வழக்கம்போல நேரா. மூணாவது அடுக்கை மட்டும் லேசா சாய்ச்சு வெச்சாங்க. ரெண்டு நூலுக்கு நடுவுல நுழைஞ்ச கிழிசல் மேல போகாம குறுக்கே ஒரு நூல் மறிக்கும். சாய்ஞ்ச நூல்! பால்மர் 1890-கள்ல போட்ட அதே சாய்வு, வேற வாசல் வழியா உள்ள வந்துடுச்சு.

அப்போ எந்தக் கம்பெனி டயரோட சைடு வால் பலம் அதிகம்? ஒப்பிட ஒரு எண் வேணுமே. இங்கதான் கடுப்பாகுது. அமெரிக்க அரசோட பாதுகாப்பு விதியில டயர் பலத்துக்குன்னு ஒரு சோதனை இருக்கு. 19 மில்லிமீட்டர் தடிமன் உள்ள, முனை உருண்டையான எஃகுத் தண்டை, நிமிஷத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்துல டயருக்குள்ள அழுத்துவாங்க. எவ்வளவு ஆற்றல் தாங்குதுன்னு கணக்குப் போடுவாங்க. அருமையான சோதனை. ஆனா அழுத்தறது எங்கன்னா ட்ரெட்ல, ஸ்டீல் பெல்ட் இருக்கிற இடத்துல! பக்கச்சுவர் குத்துப்படறதுக்கு, கடையில நின்னு ரெண்டு கம்பெனி டயரை ஒப்பிடற மாதிரி பொதுவான எண் எதுவும் டயர்ல அச்சடிக்கறதில்ல. 20 சதவீதம், 35 சதவீதம்னு வர்றதெல்லாம் அவங்கவங்க சொந்த சோதனை, அவங்கவங்க பழைய டயரோட ஒப்பிட்டது.

கையில இருக்கிற ஒரே நேர்மையான தகவல், அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கினதால டயர்லயே பொடி எழுத்துல இருக்கு. "சைடுவால் 2 ப்ளைஸ் பாலியஸ்டர்"னோ "3 ப்ளைஸ்"னோ ஒரு வரி, பக்கத்துலயே ட்ரெட்ல என்னென்ன அடுக்குன்னும் இருக்கும். பெருசா வெள்ளை எழுத்துல இருக்கிறதை விட்டுட்டு இதைத் தேடிப் படிக்கணும். அதுவும் முழுக் கதை இல்ல. தடிமனான நூல் ரெண்டு அடுக்கு, மெல்லிசு நூல் மூணு அடுக்கை ஜெயிக்கலாம். நூலோட தடிமனை யாரும் எழுதறதில்ல. ஆனாலும் "டென் ப்ளை"யைவிட இது ஆயிரம் மடங்கு தேவலை.

பலம்தானே வேணும், நாலு அடுக்கு ஐந்து அடுக்குன்னு போட்டுட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேக்கலாம். தடிச்ச சுவர் கனம், பெட்ரோல் குடிக்கும், வேகத்துல சூடாகும். சூட்டோட விளையாடக் கூடாதுங்கறதுக்கு 2000-த்துல நடந்ததே போதும். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில வந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள், அதுல ஒண்ணோட பேரே வில்டர்னஸ் ஏடி, நெடுஞ்சாலையில ட்ரெட் உரிஞ்சு வண்டி கவிழ்ந்து 250 பேருக்கும் மேல செத்தாங்க. சுமார் 65 லட்சம் டயரைத் திரும்பப் பெற வேண்டியதாச்சு. டயரோட குறைன்னு ஃபோர்டும், வண்டியோட குறைன்னு ஃபயர்ஸ்டோனும் சண்டை போட்டு, நூறு வருஷ உறவை முறிச்சுக்கிட்டாங்க. வண்டிக்குப் பரிந்துரைச்ச அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. அது குறைவுங்கறது அந்தச் சண்டையில பெரிய வாதம். காத்து குறைஞ்சா சுவர் அதிகமா மடங்கும், வெயில் காலத்துல பாரத்தோட பறந்தா சூடு ஏறும். நெறைய விபத்து நடந்தது டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடா மாதிரி வெக்கையான ஊர்கள்லதான். அந்த வருஷமே வந்த சட்டத்தாலதான் புது வண்டிகள்ல காத்தழுத்தம் காட்டற விளக்கு வந்துச்சு. மணல்ல இறக்கின காத்தை, தார் ரோடு ஏறினதும் திருப்பி அடிக்கச் சொல்றது இதுக்குத்தான். சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு வண்டியில இல்லாம காத்தை இறக்கவே இறக்காதீங்க.

இன்னொண்ணு, லேசான ஜீப்புக்கு லோட் ரேஞ்ச் இ மாட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அந்தச் சுவர் லாரி பாரத்துக்காக விறைப்பா கட்டினது. ஒண்ணரை டன் வண்டிக்கு அது மடங்கவே மடங்காது. கல்லை அணைக்காது, இடுப்பை மட்டும் உடைக்கும். மூணு அடுக்கு சுவரோட சி ரேஞ்ச் கிடைச்சா அதைத் தேடலாம், சில அளவுகள்ல கிடைக்குது.

பி.கு: ஆரம்ப கால டயர் கறுப்பு இல்ல, துத்தநாக ஆக்ஸைடு கலந்த வெள்ளை. 1910-கள்ல தேய்மானத்தைக் குறைக்கக் கரித்தூளைக் கலந்தப்போ, அதை ட்ரெட்டுக்கு மட்டும்தான் போட்டாங்க. சைடு வால் வெள்ளையாவே நின்னுது. பழைய படங்கள்ல பெரிய மனுஷங்க கார்ல வெள்ளைப் பட்டை டயர் பார்த்திருப்பீங்களே, அந்த ஃபேஷனோட மூலம் இதுதான். அப்பவும் செலவு ட்ரெட்டுக்குத்தான், சுவருக்கு இல்ல :-)